குத்தூசி மருத்துவத்தில் முனைவர் பட்டப்படிப்பு

குத்தூசி மருத்துவத்தில் முனைவர் பட்டப்படிப்பு என்பது, அக்குபஞ்சர் எனவும் அழைக்கப்படும் குத்தூசி மருத்துவத்திலோ மரபுவழிச் சீன மருத்துவத்திலோ வழங்கப்படும் மிக உயர்ந்த நிலைக் கல்வித் தகுதியைக் குறிக்கும். "டாக்டர்" என்ற ஒரே சொல்லால் சுட்டப்பட்டாலும் இப்பட்டத்தின் தன்மை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஒரு நாட்டில் பெற்ற பட்டம் மற்றொரு நாட்டில் மருத்துவம் செய்யும் உரிமையைத் தானாக அளிப்பதில்லை. ஆகவே, பல ஆண்டுக் காலத்தையும் பெரும் பொருளையும் செலவிடும் மாணவர் ஒருவர், பட்டத்தின் வகையையும் அதன் சட்டநிலையையும் முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வகைகள்

இத்துறையில் "டாக்டர்" என்னும் பெயரில் வழங்கும் தகுதிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

* ஆய்வு முனைவர் பட்டம் (பிஎச். டி.): புதிய ஆய்வும் ஆய்வேடும் இதன் அடிப்படை. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய பணிகளுக்கு உரியது.
* தொழில்முறை முனைவர் பட்டம்: நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பயிற்சியை முதன்மையாகக் கொண்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருவழக்கு.
* எம். டி.: இந்தியாவில் இது மருத்துவ இளநிலைப் பட்டத்துக்குப் பின் பயிலும் முதுநிலைப் பட்டம் ஆகும்; முனைவர் பட்டம் அன்று.
* மதிப்புறு முனைவர் பட்டம்: பாராட்டாக வழங்கப்படுவது. கல்வித் தகுதியாகவோ மருத்துவத் தகுதியாகவோ கொள்ளத்தக்கதன்று.

இந்தியாவில் சட்டநிலை

1938 இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இடம்பெற்றிருந்த மருத்துவர் பிஜோய் குமார் பாசு, 1950களின் இறுதியில் சீனாவில் குத்தூசி மருத்துவம் பயின்று கொல்கத்தாவில் அதனை அறிமுகப்படுத்தினார். மேற்கு வங்காளம் 1996 இலும் மகாராட்டிரம் 2015 இலும் இம்முறைக்கெனத் தனிச்சட்டம் இயற்றின.

நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று வெளியிட்ட ஆணை, குத்தூசி முறையைத் தனி மருத்துவ முறையாக ஏற்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவர்களும் தக்க பயிற்சி பெற்றோரும் கையாளக்கூடிய ஒரு சிகிச்சை முறை என்றே கூறியது. 2019 பிப்ரவரி 21 அன்று வெளியான ஆணை அதனைத் தனித்த சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. எனினும் சீன மூலிகை மருத்துவம் இவ்வாணையில் அடங்காது. 2020 ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டமும் ஆயுர்வேதம், யுனானி, சித்தம், சோவா-ரிக்பா ஆகியவற்றையே உள்ளடக்குகிறது.

ஆய்வு முனைவர் பட்டத்தைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். இவற்றின்படி படிப்புக்காலம் குறைந்தது 3 ஆண்டுகள். தொலைநிலை வழியாகவோ இணையவழியாகவோ முனைவர் பட்டப்படிப்பை நடத்த இயலாது. பட்டம் வழங்கும் உரிமை, 1956 ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டத்தின் 22 ஆம் பிரிவின்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் அவ்வுரிமை பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.

தமிழ்நாட்டில்

சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில், "அக்குபஞ்சர் மற்றும் ஆற்றல் மருத்துவம்" என்னும் பிரிவில் எம். டி. பட்டப்படிப்பு பயிற்றுவிக்கப்படுகிறது. தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இப்பட்டத்தை வழங்குகிறது. இதில் சேர, ஐந்தரை ஆண்டுக் கால பி. என். ஒய். எஸ். பட்டம் தேவை. மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கி. மீ. தொலைவில் உள்ள செங்கல்பட்டிலும் இயற்கை மருத்துவத்துக்கான அரசு நிறுவனம் ஒன்று அமைந்துள்ளது.

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரத்தில் 2005 இல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம், சித்த மருத்துவத்தில் உயர் படிப்புகளை நடத்துகிறது. உடலின் குறிப்பிட்ட புள்ளிகளைக் கொண்டு இயங்கும் வர்ம மருத்துவத்தில் ஆர்வம் உள்ள சித்த மருத்துவப் பட்டதாரிகளுக்கு இது குறிப்பிடத்தக்க நிறுவனம் ஆகும்.

சீனாவில்

பெய்ஜிங், சாங்காய், குவாங்சோ, செங்டூ ஆகிய நகரங்களில் 1956 இல் நிறுவப்பட்ட சீன மருத்துவக் கல்லூரிகள் பின்னர்ப் பல்கலைக்கழகங்களாக வளர்ந்தன. 1981 இல் நடைமுறைக்கு வந்த பட்ட விதிகளின் கீழ் முனைவர் பட்டங்கள் வழங்கப்படலாயின. இங்கு ஆய்வுசார் முனைவர் பட்டம், தொழில்சார் முனைவர் பட்டம் என இரு பிரிவுகள் உள்ளன. முதுநிலைப் பட்டம் பொதுவான சேர்க்கைத் தகுதி ஆகும். பெரும்பாலான படிப்புகள் சீன மொழியில் நடைபெறுவதாலும் பண்டைய மருத்துவ நூல்களைப் பயில வேண்டியிருப்பதாலும் மொழித்திறன் முதல் தடையாக அமைகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில்

1982 இல் தொடங்கப்பட்ட தரச்சான்று ஆணையம் ஒன்று இத்துறைக் கல்வி நிறுவனங்களை மதிப்பிடுகிறது. இங்குள்ள "டாக்டர்" பட்டங்களுள் பெரும்பாலானவை தொழில்முறைப் பட்டங்களே. மருத்துவம் செய்யும் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. ஒரு நிறுவனத்தின் இன்றைய தரச்சான்று அதன் நிலைபேற்றுக்கு உறுதி ஆகாது. போர்ட்லாந்தில் 1983 முதல் இயங்கிவந்த ஓரிகன் கீழைத்தேய மருத்துவக் கல்லூரி 2024 இல் மூடப்பட்டது இதற்கு எடுத்துக்காட்டு.

சிங்கப்பூர், மலேசியா

தமிழர் வாழும் இவ்விரு நாடுகளிலும் இத்துறை சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் 2000 ஆம் ஆண்டின் சட்டப்படி மரபுவழிச் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். மலேசியாவில் 2016 ஆம் ஆண்டின் மரபுவழி மற்றும் துணைநிலை மருத்துவச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

ஆய்வுச் சிக்கல்கள்

மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்வது எளிது. ஊசிக்குப் போலி ஊசி அமைப்பது கடினம். இதுவே இத்துறை ஆய்வின் மையச் சிக்கல் ஆகும். செருமனியில் முதுகுவலி நோயாளிகள் 1,162 பேரிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வில், மரபுவழிக் குத்தூசி பெற்றோரில் 47.6 விழுக்காட்டினரும் போலிக் குத்தூசி பெற்றோரில் 44.2 விழுக்காட்டினரும் வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். இரு குத்தூசி முறைகளும் வழக்கமான சிகிச்சையை விஞ்சியபோதிலும் அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே, குறிப்பிட்ட புள்ளியில் குத்துவதால் பயன் விளைகிறதா என்ற வினா தொடர்கிறது. புள்ளியியலிலும் ஆய்வு வடிவமைப்பிலும் பயிற்சி அளிக்காத முனைவர் படிப்பு இத்தகைய வினாக்களை எதிர்கொள்ள உதவாது.

பட்டம் ஒன்றே ஆய்வை உருவாக்குவதும் இல்லை. சீன மூலிகை ஒன்றிலிருந்து மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்து 2015 இல் நோபல் பரிசு பெற்ற டூ யூயூ முனைவர் பட்டம் பெறாதவர்.

தேர்வு செய்யும்போது கவனிக்கத்தக்கவை

* நோக்கம்: சிகிச்சை அளிக்க விரும்புவோருக்கு ஆய்வுப் பட்டம் போதாது, ஆய்வாளராக விரும்புவோருக்குத் தொழில்முறைப் பட்டம் போதாது.
* பணிபுரியும் நாடு: படிக்கும் நாட்டின் விதிகளைவிடப் பணிபுரியப்போகும் நாட்டின் விதிகளே முதன்மையானவை.
* ஏற்பு: பட்டம் வழங்குவது யார், அவ்வுரிமையை அளித்த சட்டம் எது என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது.
* இணைத்தன்மை: வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மை குறித்து மானியக் குழு 2025 இல் தனி விதிகளை அறிவித்தது. கல்வி இணைத்தன்மை மருத்துவம் செய்யும் உரிமை ஆகாது.
* வழிகாட்டி: வழிகாட்டியின் ஆய்வுக் கட்டுரைகள், அவரிடம் பட்டம் முடித்தோரின் இன்றைய பணி ஆகியவை நிறுவனத்தின் விளம்பரத்தைவிட நம்பகமான அளவுகோல்கள்.
* மருத்துவமனை: போதிய நோயாளிகள் வரும் மருத்துவமனையும் நெறிமுறைக் குழுவும் இன்றி மருத்துவ ஆய்வு நடத்த இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* குத்தூசி மருத்துவம்
* வர்மக்கலை
* சித்த மருத்துவம்
* இயற்கை மருத்துவம்