உயிர்த்தீ எரியுமிடம்

உயிர்ப்பு என்னுஞ் சொல் தமிழில் மூச்சையுங் குறிக்கும், உயிரோடிருத்தலையுங் குறிக்கும். மூச்சு அடங்கின் உடல் குளிரும் என்பதை மக்கள் தொன்றுதொட்டு அறிவர். ஆயின், உண்ட உணவும் உள்ளிழுத்த காற்றுங் கூடி வெம்மையையும் ஆற்றலையும் தோற்றுவிப்பது உடலின் எப்பகுதியில் என்னும் வினா, ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அறிஞரை அலைக்கழித்தது. அவ்வினாவின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பிரான்சு நாட்டினரான இலவோசியேயும் இலப்பிளாசும் 1783ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் அவர்கள் கினிப்பன்றியொன்றை வைத்தபோது, அதன் உடல்வெப்பத்தால் 10 மணி நேரத்தில் ஏறத்தாழ 13 அவுன்சு பனிக்கட்டி உருகிற்று. அந்நேரத்தில் அவ்விலங்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவைத் தருதற்குரிய கரியை எரித்தால் உருகுவதோ 10 அவுன்சிலும் சிறிது கூடியது. ஐதரசனும் உடலில் எரிந்து நீராதல் இவ்வேறுபாட்டிற்குக் காரணமாகலாமென இலவோசியே பின்னர்க் கருதினார். சுவாசம் என்பது மெல்ல நிகழும் தகனமே என்னும் பேருண்மை இவ்வாறு நிறுவப்பட்டது. ஆயினும் அத்தகனம் நுரையீரலிலேயே நிகழ்வதென அவர் எண்ணினார்.

இதற்கு மறுப்புக் கூறியவர் கணித மேதையான இலகிராஞ்சு. உடலின் வெம்மை முழுவதும் நுரையீரலிற் பிறக்குமாயின், அவ்வுறுப்புத் தாங்கொணா வெப்பத்தை அடையுமன்றோ? ஆகவே, குருதி ஓடுமிடமெங்கும் தகனம் நிகழ்தல் வேண்டுமென்னும் அவர் கருத்து 1791இல் வெளியாயிற்று. 1837இல் மக்னசு என்பார் நாடிக் குருதியிலும் நாளக் குருதியிலும் உள்ள வாயுக்களை அளந்து, குருதி ஒட்சிசனைச் சுமந்து சென்று காபனீரொட்சைட்டைச் சுமந்து மீள்கின்றதெனக் காட்டினார். எனினும் குருதிதான் எரிகின்றதா, குருதி சென்றடையும் இழையங்கள் எரிகின்றனவா என்னும் ஐயம் நீங்கவில்லை. 1870களில் ஜேர்மன் உடலியலறிஞரான புளூகரின் ஆய்வுகூடத்தில், குருதி நீக்கப்பட்டு உப்புக்கரைசல் ஏற்றப்பட்ட தவளைகளும் ஒட்சிசனை முன்போலவே உட்கொண்டமை காணப்பட்டது. குருதி விறகு சுமக்கும் வண்டியே. அடுப்பு இழையங்களிலுள்ள உயிர்க்கலங்களில் இருக்கின்றது என்பது இதனாற் பெறப்பட்டது.

கலத்தினுள் ஒட்சிசனைக் கையாளும் பொருள் யாது? அயலாந்திற் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவத் தொழில் செய்த மக்மன் என்பார், 1880களில் நிறமாலைகாட்டி கொண்டு பல விலங்குகளின் தசைகளை ஆராய்ந்து, சுவாசத்திற்குரிய ஒரு நிறப்பொருளைக் கண்டதாக அறிவித்தார். அக்காலத்துப் பேரறிஞரான ஒப்பே-செயிலர், அது குருதி நிறப்பொருளின் சிதைவேயென மறுத்தார். பெரியவர் மறுத்ததனால் உலகமும் அதனை மறந்தது. மக்மன் 1911இல் மறைந்தார். 1925இல் கேம்பிரிட்சில் கெயிலின் என்பார் பூச்சிகளின் தசையிலும் மதுவத்திலும் அதே நிறக்கோடுகளைக் கண்டார். மதுவக் கரைசலைக் காற்றுடன் குலுக்கியபோது அக்கோடுகள் மறைந்தன. வாளாவிட்டபோது மீண்டுந் தோன்றின. அப்பொருளுக்குச் சைற்றோகுரோம் எனப் பெயரிட்ட கெயிலின், மக்மனின் முற்பட்ட பணியையுந் தம் கட்டுரையில் மறவாது குறிப்பிட்டார்.

யூதக் குடியிற் பிறந்தமையால் 1933இல் ஜேர்மனியிற் பதவியிழந்து இங்கிலாந்தை அடைந்த ஆன்சு கிரெப்சு, செபீல்ட் நகரிற் புறாவின் நெஞ்சுத்தசையை ஆராய்ந்தார். நான்கு காபனணுக்களையுடைய அமிலமொன்று உணவினின்று வரும் இரு காபன் துணுக்குடன் சேர்ந்து சித்திரிக்கமிலமாகி, படிப்படியாகக் காபனீரொட்சைட்டை இழந்து, பழைய அமிலமாகவே மீளும் வட்டத்தை அவர் 1937இல் விளக்கினார். நேச்சர் என்னும் இதழ் அவர் எழுதிய கடிதத்தை உடன் வெளியிட இடமில்லையெனத் திருப்பியனுப்பிற்று. கட்டுரை வேறோர் இதழில் வெளிவந்தது. 1953இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இவ்வட்டம் இழைமணி என்னும் நுண்ணுறுப்பிலே நிகழ்வதை 1948இல் கெனடியும் இலெனிஞ்சரும் நிறுவினர்.

எஞ்சிய வினா ஒன்றே. 180 கிராம் குளுக்கோசு முற்றாக எரியின் ஏறத்தாழ 686 கிலோகலோரி ஆற்றல் வெளிப்படும். கலம் அதனை வீணே வெப்பமாக்காது, அதில் ஒரு பகுதியை அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருளிற் சேமிப்பது எங்ஙனம்? 1961இல் மிச்செல் ஒரு விடை கூறினார். இலத்திரன்கள் சைற்றோகுரோம் முதலியவற்றினூடே படிப்படியாக இறங்குங்கால், இழைமணியின் உள்மென்சவ்வைக் கடந்து புரோத்தன்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணை திறந்த நீர் போல அவை மீளுங்கால், அவ்விசையால் அப்பொருள் ஆக்கப்படுகின்றது. அறிஞர் பலர் இதனை ஏற்க மறுத்தனர். ஆயினும் சோதனைகள் அவர் பக்கமே சாய்ந்தன. 1978இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. ஒரு குளுக்கோசு மூலக்கூற்றினின்று ஏறத்தாழ 30 அடினோசீன் முப்பொசுபேற்று மூலக்கூறுகள் கிடைக்குமென இன்று கணிக்கப்படுகின்றது.

நுரையீரலிற் கண்டதாக எண்ணப்பட்ட தீ, குருதிக்கும், இழையத்திற்கும், கலத்திற்கும், ஈற்றில் ஒரு மெல்லிய சவ்விற்கும் இடம்பெயர்ந்த வரலாறு இது. தீ இடம்பெயரவில்லை, அதனைக் காணும் கண்களே கூர்மை பெற்றன. இலவோசியே தவறியவிடத்தை இலகிராஞ்சு திருத்தினார். ஒப்பே-செயிலரின் மறுப்பைக் கெயிலினின் மதுவம் வென்றது. கூறியவர் பெருமையை நோக்காது, கூறியதைச் சோதித்து நோக்கியவர்களாலேயே இவ்வறிவு வளர்ந்தது. கற்போர் கொள்ளத்தக்க நெறியும் அதுவேயாம்.