களமும் களஞ்சியமும்

மாவடிப்பள்ளியைச் சூழ்ந்த வயல்வெளிகளில் அறுவடை கண்டோர்க்குக் களம் வேறு, களஞ்சியம் வேறு என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சூடடித்துத் தூற்றும் இடம் களம். தூற்றிய நெல்லைக் காத்துவைக்கும் இடம் களஞ்சியம். களம் சிறிதாயின் வேலை தடைப்படும். நெல்லைக் களத்திலேயே விட்டுவைத்தால் மழை கொண்டுபோகும். வீட்டுக்குக் கணினி வாங்கப் புகுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய முதற் பாடமும் இதுவே. ‘றாம்’ என வழங்கும் நினைவகம் கணினியின் களம். கோப்புகள் தங்கும் வன்றட்டு அதன் களஞ்சியம். இரண்டையும் ஒன்றென மயங்கிக் கைப்பொருளை வீணாக்குவோர் பலர். அம்மயக்கம் தீர, நினைவகம் வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

1953ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில், ‘வேர்ள்விண்ட்’ என்னும் கணினியிற் காந்தவளைய நினைவகம் பொருத்தப்பட்டது. மணிபோன்ற சிறு வளையங்களினூடே மென்கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாகச் செல்லும். மருதமுனைத் தறியிற் பாவும் ஊடும் கூடும் காட்சியை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு விளங்கும். ஒரு வளையம் ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றை மட்டுமே நினைவிற் கொள்ளும். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்து, 1960இல் இயங்கவிட்ட ‘டிஃப்ராக்’ கணினியின் நினைவகமும் இவ்வகையினதே. அதன் கொள்ளளவு இன்றைய கணக்கிற் பத்துக் கிலோபைற்று அளவே. தமிழெழுத்தின் குறியொன்று இன்று மூன்று பைற்று இடம் கொள்வதால், நீங்கள் கேட்கும் இப்பேச்சு முழுவதும் அதில் அடங்காது.

1966இல் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனார்ட் புதுவழி கண்டார். ஒரு திரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்தால் ஒரு வளையத்தின் வேலையைச் செய்யும் என்பதே அவர் கருத்து. 1970இல் இன்டெல் நிறுவனம் 1,024 பிற்றுக் கொண்ட நினைவகச் சில்லொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. கோக்க வேண்டிய கம்பியில்லை. விலையும் நாளடைவிற் குறைந்தது. ஆனால் இப்புது வகையில் மின்னேற்றம் கசிந்துபோகும். ஆதலின் நொடிக்குப் பலமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். காந்தவளையம் மின்சாரம் நின்றாலும் மறவாது. இதுவோ மின்சாரம் நின்ற கணமே அனைத்தையும் மறக்கும். மலிவோடு மறதியும் வந்து சேர்ந்தது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் மிகக் குறைந்த நினைவகம் 16 கிலோபைற்று. இன்று 8 கிகாபைற்றுக் கொண்ட வீட்டுக் கணினி, டிஃப்ராக்கைப்போல் எட்டு இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட களத்தை உடையது. அப்படியாயின் எவ்வளவு போதும்? வேலையைப் பார்த்தே அளக்க வேண்டும். கடிதமும் பாடமும் எழுத 4 கிகாபைற்றுக் கொண்டும் சமாளிக்கலாம். இணையத்திற் பல பக்கங்களைத் திறந்துவைத்துப் படிக்கும் மாணவர்க்கு 8 வேண்டும். நிகழ்படம் தொகுப்போர்க்கு 16 பொருத்தம். களம் நிறைந்தபோது கணினி வன்றட்டையே களமாக்கிக்கொள்ளும்; அப்போதுதான் அது தள்ளாடும். நினைவகம் நிறையாமலே கணினி மந்தமாயின், குறை வேறிடத்தில் உள்ளது. நினைவகத்தைக் கூட்டிப் பயனில்லை.

அளவுக்கு முன் வகையைப் பார்க்க வேண்டும். டீ.டீ.ஆர்.3 வகை 2007இலும், 4ஆம் வகை 2014இலும், 5ஆம் வகை 2020இலும் வந்தன. ஒவ்வொன்றிலும் அடிவிளிம்பின் வெட்டு வெவ்வேறிடத்தில் உள்ளது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று செல்லாது. மடிக்கணினிக்குரியது நீளத்திலும் குறுகியது. எனவே தாய்ப்பலகை ஏற்கும் வகையையும் உச்ச அளவையும் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லுதல் நன்று. 32 பிற்று இயங்குதளம் கொண்ட பழைய வீட்டுக் கணினி, பொதுவாக 4 கிகாபைற்றுக்கு மேற்பட்டதைப் பயன்படுத்தாது என்பதையும் மறவற்க.

இறுதியாக ஒன்று. மாரிகாலத்து இரவில் மின்சாரம் திடீரென நின்றால், சேமியாத பக்கங்களை 4 கிகாபைற்றும் காவாது, 64 கிகாபைற்றும் காவாது. பரீட்சைக்கெனப் பிள்ளை இரவெல்லாம் எழுதியது ஒரு நொடியிற் போய்விடும். களம் எத்துணை அகலமாயினும் மழைக்கு முன் நெல் களஞ்சியம் சேர வேண்டும். எழுதியதை உடனுக்குடன் சேமித்து வைக்கும் பழக்கத்துக்குக் கடையில் விலை இல்லை. அதனையும் பிள்ளைக்குச் சேர்த்தே கொடுங்கள்.