குப்பிக்குள் போன மஞ்சள்

போன பொங்கலுக்கு பிரான்சிலிருந்து வந்த மகள், ஒரு மாத்திரைக் குப்பியை என் கையில் கொடுத்தாள். "மூட்டு வலிக்கு நல்லதுப்பா, தினம் ரெண்டு போடுங்க" என்றாள். மேலே 'க்யுர்க்யுமா' என்று எழுதியிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தச் சொல் புதிதல்ல. நம் மஞ்சள்தான். அரபியில் குங்குமப்பூவுக்கு வழங்கும் 'குர்க்கும்' என்ற சொல்லின் வழியில் வந்தது.

பத்து நாள் போட்டேன். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது குப்பியை டாக்டரிடம் காட்டினேன்.

"இன்றே நிறுத்துங்கள்."

"சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிற மஞ்சள்தானே டாக்டர்?"

"குழம்பில் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது?"

இரண்டும் ஒன்றில்லையா? குமாஸ்தாப் புத்தி சும்மா இருக்குமா, பழைய கோப்பைத் தேடுவதுபோல் தேடினேன்.

1815-ல் பெல்த்தியே என்ற பிரெஞ்சுக்காரரும் ஃபோகல் என்பவரும் மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தெடுத்துக் குர்குமின் என்று பெயரிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, கவந்தூவோடு சேர்ந்து சின்கோனாப் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தவரும் இதே பெல்த்தியேதான். குர்குமினின் வேதி அமைப்பு தெரிய 1910 வரை ஆனது.

இந்தக் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் சேரும். உடம்பிலும் எளிதில் ஒட்டாது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் இருபது மடங்கு கூடுதலாக இரத்தத்தில் சேர்கிறது என்று 1998-ல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். என் அம்மா பருப்பு வேகும்போதே மஞ்சளோடு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவார். மீன் குழம்பில் மஞ்சள் நல்லெண்ணெயில் வதங்கும். சளி பிடித்தால் பாலில் மஞ்சளும் மிளகும். காரணம் கேட்டால் "அப்பத்தான் பச்சை வாசனை போகும்" என்பார்.

குப்பிக்காரர்களும் அந்த மிளகுச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அளவைத்தான் விட்டுவிட்டார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் குர்குமின் என்பது ஐரோப்பாவில் வைத்திருக்கும் வரம்பு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். குழம்புக்குப் போடும் கால் டீஸ்பூனில் 20, 25 மில்லிகிராம் தேறும். அதையும் வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். சில மாத்திரைகளில் ஒன்றிலேயே பல நூறு மில்லிகிராம்.

2022-ல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமையே எச்சரித்தது. மஞ்சள் மாத்திரைகளால் வந்திருக்கலாம் என்று நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள்; அவற்றில் 15 கல்லீரல் அழற்சி. பித்தநாளக் கோளாறு உள்ளவர்களும், என்னைப்போல் இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரித்தெடுத்த நாட்டிலிருந்தே 207 வருடம் கழித்து வந்த எச்சரிக்கை!

என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் தூளில் ஈயச்சாயம் கலப்பவர்கள் உண்டு. தினம் கால் டீஸ்பூன், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் மிளகு போதும். பிள்ளைகள் பாசத்தோடு கொண்டுவரும் குப்பியை டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள்.

மகளுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆத்தா செய்யற மிளகு ரசம் எப்படிப்பா?" என்று கேட்டாள்.