யென்னின் பெறுமதியும் யப்பானின் ஏற்றுமதிப் பொருளாதாரமும்

1949ஆம் ஆண்டு ஏப்ரிலில், நேசநாட்டுப் படைகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த யப்பானுக்கு ஒரு டொலருக்கு 360 யென் என்ற நாணயமாற்று வீதம் விதிக்கப்பட்டது. எண்ணெய், இரும்புத்தாது, பருத்தி ஆகியவற்றைப் பிறநாடுகளிலிருந்தே பெறவேண்டியிருந்த அந்நாட்டுக்கு, அவற்றை வாங்கும் டொலரை ஏற்றுமதியே ஈட்டித்தர வேண்டியிருந்தது. கைத்தொழில்களின் உற்பத்தித்திறன் ஆண்டுதோறும் உயர்ந்தபோதும் யென்னின் பெறுமதி நின்ற இடத்திலேயே நின்றது. இதனால் 1960களின் பிற்பகுதியில் இவ்வீதம் ஏற்றுமதியாளருக்குப் பெருஞ்சலுகையாயிற்று. யப்பானியரோ அதனை இயற்கை விதியெனவே கருதினர் எனலாம்.

1971 ஓகஸ்ட் 15இல் ஜனாதிபதி நிக்சன், டொலருக்குத் தங்கம் வழங்குவதை நிறுத்தி, இறக்குமதிகள்மீது 10 சதவீத மேல்வரியும் விதித்தார். ஐரோப்பிய நாணயச் சந்தைகள் மூடப்பட்டன. டோக்கியோச் சந்தை திறந்தேயிருந்தது. பழைய வீதத்தைக் காக்க முயன்ற யப்பான் வங்கி டொலர்களை வாங்கிக் குவித்தது. ஓகஸ்ட் 28இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. டிசெம்பரில் வீதம் 308 ஆயிற்று. குவித்த டொலர்களோ பெறுமதி இழந்தன.

1973இன் எண்ணெய் நெருக்கடியை யப்பான் எரிபொருட் சிக்கனத்தாலும் மேலும் ஏற்றுமதி செய்தும் சமாளித்தது. ஆனால் அவ்வெற்றியே அடுத்த பிணக்கைத் தோற்றுவித்தது. 1981இல் ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பும் மோட்டார் வாகனங்களை ஆண்டொன்றுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரமாகக் கட்டுப்படுத்த யப்பான் இணங்கியது. இது ‘சுயவிருப்பக் கட்டுப்பாடு’ எனப்பட்டது. அதில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்பது வேறு விடயம்.

1985 செப்டெம்பர் 22இல் நியூயோர்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி, டொலரின் பெறுமதியை இறக்க உடன்பட்டனர். அப்போது 240 யென் அளவிலிருந்த டொலர், அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் 160 அளவுக்கு வீழ்ந்தது. பெரும் நிறுவனங்கள் வெளிநாடுகளிலே தொழிற்சாலைகளை அமைக்கலாயின. ஆனால் நிகாத்தா மாநிலத்தின் சிறுபட்டினமான ட்சுபமேயில், மேற்கத்தியர் உணவு மேசைக்குக் கரண்டியும் முள்ளும் செய்துவந்த சிறு பட்டறைகளுக்கு அத்தகைய வழி ஏது?

1986 ஏப்ரிலில் வெளிவந்த மயெக்காவா அறிக்கை, ஏற்றுமதியில் தங்கியிராது உள்நாட்டுக் கேள்வியைப் பெருக்குமாறு கூறிற்று. ஆலோசனை சரியானதே. அதனை நிறைவேற்றப் பிரதானமாகக் கைக்கொண்ட கருவியோ மலிவான பணமாயிற்று. 1986 தொடக்கத்தில் 5 சதவீதமாயிருந்த மத்திய வங்கியின் கழிவு வீதம், 1987 பெப்ரவரியில் 2.5 சதவீதமாக்கப்பட்டது. அப்பணத்தில் பெரும்பகுதி காணியிலும் பங்குகளிலும் பாய்ந்தது. டோக்கியோவில் வீடொன்று வாங்குவது சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாக்கனியாயிற்று.

பின்னர் நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் பிளாசா உடன்படிக்கையே காரணம் என்போர் உளர். மேற்கு யேர்மனியும் அதில் ஒப்பமிட்டது. அதன் நாணயமும் உயர்ந்தது. ஆயினும் அங்கு காணி விலை இவ்வாறு பொங்கவில்லை. நெருக்குதல் வெளியிலிருந்து வந்ததாயினும், மறுமொழி டோக்கியோவிலேயே தீர்மானிக்கப்பட்டது.

1989 டிசெம்பர் 29இல் நிக்கெய் பங்குச் சுட்டெண் 38,915ஐ எட்டியது. 1990 ஓகஸ்டில் கழிவு வீதம் 6 சதவீதமாக உயர்த்தப்பட்டபோது பங்குச் சந்தை ஏற்கெனவே சரியத் தொடங்கியிருந்தது. பழைய உச்சத்தை அச்சுட்டெண் மீண்டும் கடந்தது 2024 பெப்ரவரியிலேயாகும்.