புத்தூர் என்ற பெயரும் கம்பைலரும்

தமிழில் நிரல் எழுதுவதற்காக முத்தையா அண்ணாமலை 2007 அளவில் உருவாக்கத் தொடங்கிய 'எழில்' மொழியைப் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு குறையும் கூடவே வரும்: அது பைத்தனில் எழுதப்பட்டது, பைத்தன் சி மொழியில் எழுதப்பட்டது, ஆகவே எழில் ஆங்கிலத்துக்குப் போர்த்திய தமிழ்ப் போர்வைதானே? 'பதிப்பி', 'முடி' போன்ற கட்டளைச் சொற்களோடு அந்த மொழி நின்றிருந்தால் இதற்குப் பதில் சொல்வது கடினம். அது அங்கே நிற்கவில்லை. எழிலில் நிபந்தனை முதலில் அடைப்புக்குறிக்குள் வருகிறது. 'ஆனால்' என்ற நிபந்தனைச் சொல் அதற்குப் பின்னே வருகிறது. 'மழை பெய்தால்' என்று நிபந்தனைக் குறியைக் கடைசியில் ஏற்றும் தமிழ் வாக்கிய ஒழுங்கு இது. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்து இதைப் பெற முடியாது. நிரலை வாசித்துப் பகுக்கும் பகுதியையே இதற்கென எழுதவேண்டும். அடியிலிருந்த கருவிகள் யாவும் மூல நிரலோடு எவருக்கும் கிடைத்ததால் தனியொருவர் அதைத் தொடங்க முடிந்தது. கணினியில் தமிழுக்குக் கிடைத்திருக்கும் இடத்தை, மனிதர் எழுதும் நிரலைப் பொறி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கட்டற்ற கம்பைலர்களின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் வாதம்.

இரவல் என்ற குற்றச்சாட்டு எழிலுக்கு மட்டும் உரியதல்ல. 1983 இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றுக்கான குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான 'பாஸ்டல்' கம்பைலரைத் திருத்திப் பயன்படுத்தத்தான் முதலில் முயன்றார். அதற்குப் பல மெகாபைட் அடுக்கு நினைவகம் வேண்டியிருந்தது. அவர் குறிவைத்த யுனிக்ஸ் பொறிகளோ 64 கிலோபைட்டுக்கு மேல் தரவில்லை. அதனால் புதிதாக எழுதத் தொடங்கினார். அந்தக் கம்பைலர், ஜிசிசி என்ற பெயரில் 1987 மார்ச்சில் வெளிவந்தது. அதையும் கட்டியெழுப்ப இன்னொரு கம்பைலர் தேவை. இன்றும் ஜிசிசியை மூல நிரலிலிருந்து கட்டும்போது நடப்பது இதுதான்: பொறியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் முதல் ஜிசிசியை உண்டாக்கும், அந்த முதலாவது, அதே மூலத்திலிருந்து இரண்டாவதை உண்டாக்கும், இரண்டாவது மூன்றாவதை உண்டாக்கும். கடைசி இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்வார்கள். இரவலில் தொடங்கித் தன் காலில் நிற்பதே இந்தத் தொழிலின் வழமை.

தமிழுக்கு உண்மையான தடை வேறோரிடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் புத்தூரின் பெயரை ஒரு மாறிக்கு வைத்துப் பார்க்கலாம். பைத்தன் 3 தயங்காமல் ஏற்கும். சி மொழி நிரலில் அதை அப்படியே எழுதினால், 2020 இல் வந்த ஜிசிசி 10 தொடங்கித்தான் ஏற்கும்; முன்பு ஒவ்வொரு குறியையும் யூனிகோட் எண்ணாக எழுதவேண்டியிருந்தது. கோ (Go) என்ற நிரல் மொழி ஏற்பதில்லை. பெயர்களில் எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. யூனிகோட், ப, த, ர மூன்றையும் எழுத்தாகவும், அவற்றோடு சேரும் உகர, ஊகாரக் குறிகளையும் புள்ளியையும் துணைக்குறிகளாகவும் வகுத்திருக்கிறது. ஆகவே 'பதர' என்றால் செல்லும்; 'புத்தூர்' செல்லாது. விதியை எழுதியவர்கள் தமிழை விலக்க நினைத்திருக்க வேண்டியதில்லை. உயிர்மெய் எழுதிப் பழகியவர்களின் தேவை அங்கே போதிய கனம் பெறவில்லை என்றே சொல்லலாம்.

வேலைவாய்ப்பு ஆங்கிலத்தில் இருக்க, இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. எழில் கற்றால் வேலை கிடைக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. முதன்முதலாக நிரல் படிக்கும் பிள்ளைக்குத் தர்க்கம், அந்நிய மொழி என்ற இரு சுமைகளில் ஒன்றை இறக்கிவைப்பதே அதன் பயன். அதற்கப்பாலும் ஒன்று உண்டு: மூலத்தைத் தாமே படித்துத் திருத்தும் ஆற்றல். புத்தூரை அடுத்த சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஆங்கிலக் கல்வியில் தேறி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானவர். அந்தக் கல்வி அவரை ஏடுகளிலிருந்து விலக்கவில்லை. பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, தொல்காப்பியப் பகுதிகளையும் 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அச்சில் வந்த பிறகுதான் பாடம் சரியா பிழையா என்று பலரும் வாதிட முடிந்தது. கம்பைலரின் மூல நிரல் இன்று அந்த நிலையில்தான் இருக்கிறது. ஏடு தேடும் சிரமம்கூட இல்லை. கோ மொழியின் கம்பைலரும் கட்டற்றது, 2015 முதல் கோ மொழியிலேயே எழுதப்படுவது. எனவே, தமிழ்க் கணிமையை வளர்க்க விரும்பும் கல்விக்கூடங்கள் கலைச்சொல் பட்டியல்களுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, கம்பைலரைப் பிரித்துப் படித்துத் திருத்தம் முன்மொழியும் மாணவர்களை உருவாக்கச் செலவிடவேண்டும். திறந்து கிடக்கும் மூலத்தைப் படிக்க ஆளில்லையென்றால், அது திறந்து கிடப்பதற்கும் பூட்டிக் கிடப்பதற்கும் நமக்கு வித்தியாசம் எதுவும் இல்லை.