இரு கோடுகளுக்கிடையே

ஒரே தறியில் ஒரே நெசவாளி நெய்த இரண்டு முழத் துணி ஒன்றையொன்று முற்றும் ஒத்திருப்பதில்லை. ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்துக் கடைந்த இரண்டு ஆணிகளின் குறுக்களவும் மயிரிழையளவேனும் வேறுபடும். இவ்வேறுபாடுகளில் எதைத் திருத்துவது, எதைப் பொறுத்துக்கொள்வது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றை நாம் இங்கே சிறிது நோக்குவோம்.

சிகாகோ நகரத்தை அடுத்திருந்த ஹாதார்ன் தொழிற்சாலையில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் தொலைபேசிக் கருவிகளைச் செய்துவந்தது. பொருள் முடிந்தபின் சோதித்துப் பழுதானவற்றைக் கழிப்பதே அந்நாளைய வழக்கம். அளவு சற்றுப் பிசகியதும் இயந்திரத்தைத் திருகிச் சரிசெய்தனர். விந்தை யாதெனில், அடிக்கடி திருத்தத் திருத்த வேறுபாடு குறையவில்லை; பெருகியது.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் என்னும் அறிஞர், 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு ஏறக்குறைய ஒரு பக்க அளவிலான குறிப்பொன்றை அனுப்பினார். அதில் ஓர் எளிய வரைபடமும் இருந்தது. அம்முறை இதுவே: அவ்வப்போது சில உருப்படிகளை எடுத்து அளந்து, சராசரியை ஒரு புள்ளியாகக் குறிக்க வேண்டும். நடுவே பொதுச் சராசரிக் கோடு. அதற்கு மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். இவ்வெல்லைகள் முதலாளியின் விருப்பத்தால் அமைவன அல்ல. அவ்வேலையின் அளவுகளிலிருந்தே கணக்கிடப்படுவன. புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பின் அது தற்செயல் வேறுபாடு, இயந்திரத்தைத் தொடலாகாது. எல்லையைத் தாண்டினாலோ, உளி தேய்ந்ததா, மூலப்பொருள் மாறியதா என்று உடனே காரணம் தேட வேண்டும்.

இதில் நியாயமும் அடங்கியிருக்கிறது. நேற்றைய புள்ளியினும் இன்றைய புள்ளி தாழ்ந்ததென்று தொழிலாளியைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளர், பல வேளைகளில் தற்செயலுக்காகவே அவனைத் தண்டிக்கிறார். புள்ளிகள் எல்லைக்குள் அடங்கியிருந்தும் பொருள் பயன்படாதெனில், குறை இயந்திரத்திலோ மூலப்பொருளிலோ செய்முறையிலோ உள்ளது. அவற்றை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்தினுடையது, பொறுப்பும் அதனுடையதே.

ஷூஹார்ட்டின் விரிவான நூல் 1931-இல் வெளிவந்தது. 1950-இல் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானில் இம்முறையைப் போதித்தார்; மறு ஆண்டே அவர் பெயரால் அங்கே ஒரு பரிசு நிறுவப்பட்டது. நம் நாட்டிலோ, மகாலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பை ஏற்று, விடுதலையை ஒட்டிய 1947–48-இல் ஷூஹார்ட்டே வந்து சென்றார். பின்னர் 1950-களில் அக்கழகம் பம்பாய், பெங்களூர் முதலிய தொழில் நகரங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. 1998-இல் சென்னையை அடுத்த பாடியில் அப்போது இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு டெமிங் பரிசைப் பெற்றது.

இன்று கணிப்பொறியே இக்கோடுகளை வரைகிறது. ஆயினும் பென்சிலும் கட்டத்தாளும் கொண்டு தொழிலாளி தானே வரைவதற்குத் தடையேதும் இல்லை. வெளி மாநில ஆலைகளில் பணிபுரியும் நம்மவர், இயந்திரத்தருகே இத்தகைய தாள் தொங்கக் கண்டால், அதன் எல்லைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டறிய வேண்டும். வேலையின் அளவுகளிலிருந்து வந்தனவாயின், அத்தாள் தொழிலாளிக்கும் காப்பாகும்.