பேஸ்பால் வீரர்களைக் காலம் கடந்து ஒப்பிடுதல்

அமெரிக்க பேஸ்பாலில் வெவ்வேறு காலங்களில் ஆடிய வீரர்களின் திறனை ஒரே அளவுகோலால் மதிப்பிடும் முயற்சி. ரசிகர்களின் வாக்குவாதமாக இருந்த இது, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தனி ஆய்வுத் துறையாக வளர்ந்தது. விதிகள், பந்து, மைதானம், ஆட அனுமதிக்கப்பட்டவர்கள் என எல்லாமே காலத்துக்குக் காலம் மாறியதால், வெறும் எண்களை எதிரெதிரே வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதே இத்துறையின் அடிப்படை.

பதிவுகளின் தொடக்கம்

இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் செய்தியாளராக இருந்த ஹென்றி சாட்விக் கிரிக்கெட்டை நன்கு அறிந்தவர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் பேஸ்பால் ஆட்டங்களின் விவரங்களை அட்டவணையாக்கி இதழ்களில் வெளியிட்டார். 1876இல் நேஷனல் லீக்கும், 1901இல் முதல்நிலை லீக்காக அமெரிக்கன் லீக்கும் வந்தபின் பதிவுகள் ஆண்டுதோறும் குவிந்தன.

மாறிவந்த ஆட்டம்

பந்தெறியும் தூரம் 1893இல்தான் 60 அடி 6 அங்குலமாக நிலைபெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஒரே பந்தை அழுக்கேறி நைந்துபோகும்வரை பயன்படுத்தினர். அது தொலைவு போகாது. 1911இல் அமெரிக்கன் லீக்கில் அதிக ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்த ஃபிராங்க் பேக்கரின் கணக்கே 11தான். 1920இல் எச்சில் தடவிப் பந்தெறிவதற்குத் தடை வந்தது. அதே ஆண்டு மட்டையாளர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்தபின், அழுக்கான பந்துகளை உடனுக்குடன் மாற்றும் வழக்கம் வலுப்பட்டது. அவ்வாண்டு பேப் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 54.

1968இல் ஆட்டம் பந்தெறிபவர் பக்கம் சாய்ந்தது. அதனால் மறு ஆண்டே அவர் நின்று எறியும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. 1990களில் ஊக்கமருந்துப் பயன்பாடு ஹோம் ரன் சாதனைகளின் மீதான நம்பிக்கையையே குலைத்தது.

சமகாலத்தவரோடு ஒப்பிடும் முறை

1930இல் நேஷனல் லீக்கின் பில் டெர்ரி எடுத்த பேட்டிங் சராசரி (மட்டையடி வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம்) 0.401. 1968இல் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி 0.301. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் டெர்ரியின் லீக் முழுவதற்குமான சராசரி 0.303, யஸ்ட்ரெம்ஸ்கியின் லீக்கில் அது 0.230. வகுத்துப் பார்த்தால், டெர்ரி தம் லீக்கைப் போல் 1.32 மடங்கு, யஸ்ட்ரெம்ஸ்கி 1.31 மடங்கு. இருவரும் ஏறக்குறைய சமம்.

1971இல் அமெரிக்க பேஸ்பால் ஆய்வுக் கழகம் தோன்றியது. 1977 முதல் பில் ஜேம்ஸ் எழுதிய ஆண்டு நூல்களும், 1984இல் ஜான் தோர்ன், பீட் பால்மர் இணைந்து எழுதிய நூலும் இந்தக் கணக்கை விரிவாக்கின. லீக்கின் சராசரியை 100 எனக் கொண்டு, மைதானத்தின் தன்மையையும் கழித்து வீரரை மதிப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பந்தெறிபவர்களுக்கும் இது பொருந்தும்: 1968இல் பாப் கிப்சன், தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களே கொடுத்தார். 2000இல் பெட்ரோ மார்ட்டினெஸ் கொடுத்தது 1.74. முன்னவரின் லீக்கில் சராசரி ஏறத்தாழ 3, பின்னவரின் லீக்கில் ஏறத்தாழ 4.9. எனவே இம்முறையில் மார்ட்டினெஸே முந்துகிறார்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. 1941இல் டெட் வில்லியம்ஸ் 0.406 எடுத்தபின் அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் எவரும் ஒரு பருவத்தில் 0.400ஐ எட்டவில்லை. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதைத் திறமையின் சரிவாகப் பார்க்கவில்லை. எல்லோருடைய தரமும் உயர்ந்ததால் முதல்வருக்கும் மற்றவருக்கும் இடைவெளி சுருங்கிவிட்டது என்றார். ஆகவே சமகாலத்தவரை எவ்வளவு விஞ்சினார் என்பதோடு, அந்தச் சமகாலத்தவர் எவ்வளவு வலியவர் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

விலக்கப்பட்டவர்கள்

1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, அரைநூற்றாண்டுக்கும் மேலாகக் கறுப்பின வீரர்களுக்கு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. டை காப், ரூத் ஆகியோரின் சாதனைகள் அந்தக் காலத்தவை. கறுப்பின வீரர்களின் லீக்குகளுக்கு 2020இல் முதல்நிலைத் தகுதி வழங்கப்பட்டு, 2024இல் அவற்றின் பதிவுகள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் காப்பின் 0.367ஐ, கறுப்பின லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சனின் 0.372 முந்தியது. 1947க்கு முந்தைய எந்தச் சாதனையையும், யாரையெல்லாம் ஆடவிடாமல் அது எட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.